சர்நேம் என்றால் குலப்பெயரா?

படிவங்களில் ‘சர்நேம்’ என்று கேட்கும் கட்டத்தைத் தமிழாக்குவோர் குடும்பப்பெயர், குலப்பெயர், கடைசிப்பெயர் என்று வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். மூன்றும் ஒன்றல்ல. குலப்பெயர் என்று எழுதும்போது பெயரைப் பார்த்தாலே ஒருவருடைய வம்சம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கிறது. அந்த நம்பிக்கைக்கு மூலச்சொல்லில் இடமே இல்லை.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘சுர்’ என்றால் மேல், ‘நோம்’ என்றால் பெயர். இலத்தீனின் ‘சூப்பர்’ தேய்ந்து ‘சுர்’ ஆயிற்று. ஆக, இட்ட பெயருக்கு மேல் ஏற்றிய பெயர், அதாவது மேற்பெயர், என்பதுதான் நேர்ப்பொருள். ‘சயர்’ (தந்தை) என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நினைத்து அதற்கேற்ப எழுத்தைத் திருத்தி எழுதியவர்களும் ஒருகாலத்தில் இங்கிலாந்தில் இருந்தார்கள். அது பிழையான வேர்.

தொடக்கத்தில் இந்த மேற்பெயர் பிள்ளைகளுக்குப் போகவில்லை. ஓர் ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால் கொல்லர் ஜான், குன்றடி ஜான், குட்டை ஜான், ராபின் மகன் ஜான் என்று பிரித்துச் சொன்னார்கள். ஸ்மித், ஹில், ஷார்ட், ராபின்சன் எல்லாம் அப்படி வந்தவையே. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, முதலில் நிலவுடைமையாளர்களிடமும் பிறகு மெல்ல மற்றவர்களிடமும் இது தலைமுறை தாண்டும் பெயராக நிலைத்தது.

எனவே ஸ்மித் என்ற பெயர், தந்தைவழியில் எங்கோ ஒருவர் உலைக்களத்தில் வேலை செய்திருக்கலாம் என்று சொல்லும். இரண்டு ஸ்மித்கள் உறவினர்கள் என்று சொல்லாது. கொல்லர் இல்லாத ஊர் ஏது?

ஸ்மித் அளவுக்குப் பரவாத பெயர்களில் நிலைமை வேறு. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், பெயர் போகும் அதே தடத்தில்தான் போகிறது. ‘சைக்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் கொண்ட ஆண்களிடம் நடத்தி 2000இல் வெளியான ஆய்வில், பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. ஒற்றை மூதாதையை நோக்கி விரல் நீட்டும் சான்று அது. ஆனால் மீதிப் பேரையும் மறக்கக் கூடாது. தத்து, தாயின் பெயரை ஏற்றது, திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்று எத்தனையோ வழிகளில் பெயர் ஒரு பக்கமும் இரத்தம் ஒரு பக்கமும் போய்விடுகின்றன.

‘வம்சம்’ என்ற வடசொல்லுக்கு மூங்கில் என்றும் பொருள் உண்டு. கணுவுக்கு மேல் கணுவாக, ஒற்றைத் தண்டாக உயர்வது மூங்கில். தந்தைவழிப் பெயர் அப்படித்தான் வருகிறது. மனிதரின் முன்னோர் அப்படி வருவதில்லை. பெற்றோர் 2, பாட்டன் பாட்டிகள் 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். அவற்றில் பெயர் வந்து சேர்ந்தது ஒரே ஓர் இடத்திலிருந்து. நமக்கு உயிர் தந்த தாய்மார்கள் எல்லோரும் அந்தப் பெயருக்கு வெளியே நிற்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் கணக்கு.

ஆணையால் வந்த பெயர்களிடம் வம்சம் கேட்பது இன்னும் வீண். பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அனுப்பி, அதிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர் வழங்கச் செய்தார். அங்கே ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய இரத்தம் இருக்கிறது என்று ஆகாது. ஜப்பானில் பொதுமக்கள் எல்லோருக்கும் 1875இல் குடும்பப்பெயர் கட்டாயமாயிற்று. துருக்கியில் 1934இல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் பலருடைய குடும்பங்களில் எசமானின் பெயரே தங்கிவிட்டது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், ‘லிட்டில்’ என்ற தம் குடும்பப்பெயரை உதறி ‘எக்ஸ்’ என்று வைத்துக்கொண்டது, பறிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெயரின் வெற்றிடத்தைக் காட்டத்தான்.

சரி, தமிழில் எது பொருந்தும்? ‘மேற்பெயர்’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் வழக்கில் இல்லை. ‘கடைசிப்பெயர்’ கூடாது, சீனர், கொரியர், ஹங்கேரியர் அதை முதலில் எழுதுகிறார்கள். ‘தலைப்பெழுத்து’ தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. ஐஸ்லாந்தில் தந்தை பெயரோடு ‘சன்’, ‘டோட்டிர்’ சேர்ப்பதைப் போல, அது தந்தையின் பெயரைச் சொல்லும் வகை. ஒரு வீட்டார் பகிர்ந்துகொள்ளும் பெயர் என்பதற்கு மேல் எதையும் உரிமை கொண்டாடாத ‘குடும்பப்பெயர்’ என்பதே என் தேர்வு. முன்னோர் வரிசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கொடிவழி’ இருக்கிறது. கிளைத்துப் படர்வதைக் காட்டும் அழகான சொல்.

‘குலப்பெயர்’ என்பதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கொரியாவில் கிம் என்பது குடும்பப்பெயர். ஆனால் கிம்ஹே கிம் வேறு, கியோங்ஜு கிம் வேறு. மூலஊரைச் சொல்லும் அந்த முன்னொட்டுக்கு ‘போன்குவான்’ என்று பெயர். அதற்குக் குலப்பெயர் என்று எழுதுங்கள், பொருந்தும்.