ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் முன் பல்லைக் காட்டிவிடுங்கள்

பட்டாளத்தில் பிள்ளையை வைத்திருக்கும் குடும்பங்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய. லீவில் வந்தவன், "அடுத்த மாசம் தெற்கு சூடான் போறேன்மா, கடவாய்ப்பல்லு கொஞ்சம் கூசுது, திரும்பி வந்து பாத்துக்கிடலாம்" என்று சொன்னால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வீரரின் பல்லைச் சரிசெய்து, தகுதியுள்ளவராக அனுப்புவது அவரை அனுப்பும் நாட்டின் பொறுப்பு. களத்தில் கிடைப்பது வலி, வீக்கம், சீழ் போன்றவற்றுக்கான அடிப்படைச் சிகிச்சைதான். அதற்கு வீரர் பணம் கட்ட வேண்டாம். ஆனால் பல் செட், கிளிப், அழகுக்கான வேலை எதையும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

முகாமில் இருப்பது முதல் நிலை மருத்துவ மையம். அங்கே டாக்டர் உண்டு, வலிக்கு மாத்திரை கொடுப்பார். பல் டாக்டர் இருப்பது அதைவிடப் பெரிய, இரண்டாம் நிலை மருத்துவமனையில். பல்லை எடுப்பது, அடைப்பது எல்லாம் அங்கேதான். அதுவும் ஒரு நாளைக்கு 5 முதல் 10 பேரைப் பார்க்கும் அளவுக்குத்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். தெற்கு சூடானில் மழை பிடித்தால் மண் சாலை சேறாகிவிடும். ஹெலிகாப்டர் வரும்வரை, வீங்கிய கன்னத்தோடு காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

மாறாமலையில் விளையும் நம் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதைக் கடித்துக்கொண்டால் வலி அடங்கும், உண்மைதான். ஆனால் சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

சரி, எங்கே காட்டுவது? யூனிட்டில் இருக்கும்போதே ராணுவப் பல் மையத்தில் காட்டுவதுதான் நல்லது, செலவும் இல்லை. லீவில் வந்த பிறகு வலி வந்தால், நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனை. அவசரம் என்று தனியார் கிளினிக்குக்குப் போனால் எக்ஸ்ரேயையும் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்து யூனிட் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் பல் டாக்டரிடம் கேட்டே தீர வேண்டும். ஞானப்பல் சாய்ந்து முளைக்கிறதா? வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறதா? தற்காலிக அடைப்போடு விமானம் ஏறக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று, மேலே போகும்போது உயிர்போகிற வலியைக் கொடுக்கலாம். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறவும் நாள் வேண்டும், அதனால் கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

பணி முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அட்டை எடுத்தவர்கள் நாகர்கோவில் பாலிகிளினிக்கில் பல்லையும் காட்டலாம். மனைவிக்கும் அந்த உரிமை உண்டு.