குழந்தை வேண்டும் என்றால் அந்த ஊசியை நிறுத்துங்கள்

குழந்தை வேண்டி இப்படி வரும் தம்பதி, இந்த மாதத்தில் இது மூன்றாவது. மனைவியின் கோப்பு இரண்டு விரல் தடிமன். கணவரிடம் இரண்டே தாள்கள். முதலாவதில் விந்தணு மில்லிலிட்டருக்கு 1.2 கோடி, கொஞ்சம் குறைவுதான், கவலைப்படும் அளவு இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்த இரண்டாவதில் பூஜ்யம்.

"இடையில் என்ன மருந்து எடுத்தீர்கள்?"

"மருந்து ஒன்றும் இல்லை டாக்டர். சத்து ஊசிதான்."

கைப்பேசியில் படத்தைக் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்களாம். மனைவி திரும்பி அவரைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவருக்கும் அது புதுச் செய்தி.

ஆண் ஹார்மோன்தானே, கூடப் போட்டால் விந்தணுவும் கூட ஊறும் என்று ஒரு கணக்கு. படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். விரைக்கு உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. இரத்தத்தில் ஹார்மோன் தாராளமாக ஓடுவதைக் கண்டால் அது உத்தரவை நிறுத்திவிடும், விரையும் படுத்துவிடும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வெளியிலிருந்து ஏற்றி அந்த அளவை எட்டவே முடியாது. இன்னும் நம்பவில்லையா? வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. கருத்தடை ஊசி! பிள்ளை வேண்டி நீங்கள் போட்டுக்கொள்வது அதைத்தான். ஜெல்லாகப் பூசினாலும் அதே கதை.

நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். விரையைத் தட்டியெழுப்ப வேறு ஊசிகள் உண்டு, அவற்றை நாங்கள்தான் எழுதித் தர வேண்டும். மனைவிக்கு வயது 37 என்றால் வீணாகும் அந்த ஓராண்டை யார் திருப்பித் தருவது?

அடுத்து, துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் டப்பா டப்பாவாக விழுங்குபவர்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், இவற்றால் குழந்தைப் பேறு கூடவில்லை. புகையை விடுங்கள், மதுவைக் குறையுங்கள், எடையைக் கவனியுங்கள், விரைப்பையில் இரத்த நாளப் புடைப்பு இருந்தால் காட்டுங்கள். மூன்று மாதம் பொறுங்கள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகிறது. போன மாதம் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், தாளில் அது தெரியும்.

எண்ணிக்கை குறைந்தாலும், நீந்தும் திறன் குறைந்தாலும் எங்களால் ஏதாவது செய்ய முடியும். அசையாமல் கிடப்பவற்றில் உயிருள்ளது எது என்று அறிய, ஆய்வகத்தில் அசைவைத் தூண்டும் பென்டாக்ஸிஃபிலின் மருந்தைச் சேர்த்து வால் துடிக்கிறதா என்று பார்ப்போம். ஒரே ஒரு துடிப்புக்காக நுண்ணோக்கியில் கண்வைத்துக் காத்துக் கிடந்த நாட்கள் உண்டு. துடிப்பது கிடைத்துவிட்டால் அதை இக்ஸி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். ஒன்றுமே இல்லாத திரவத்தில் எதைத் தேடுவது?

தயவுசெய்து, முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஊசி, பொடி, மாத்திரை, மனைவிக்குத் தெரியாதது உட்பட. தனியாகப் பேச வேண்டும் என்றால் தனியாகவே கேட்கிறோம்.

எல்லாம் பேசி முடித்து எழுந்தவர், வாசலில் நின்று கேட்டார்: "இன்னும் நான்கு ஊசி மீதி இருக்கிறதே டாக்டர், அதை மட்டும் போட்டு முடித்துவிடட்டுமா?"