ரப்பிஷ்: கட்டடக் கழிவு

சென்னையில் ஒரு கொத்தனாரிடம் "ரப்பிஷ் அள்ளணும்" என்றால், காய்கறித் தோலும் பால் கவரும் அவர் நினைவுக்கு வராது. பெயர்த்த பூச்சு, உடைந்த செங்கல், பழைய டைல்ஸ், கான்கிரீட் கட்டி, இவைதான் அவருக்கு ரப்பிஷ், பேச்சில் 'ரப்பீஸ்'. கொச்சை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆங்கிலோ-பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் பழைய பொருள்களில் கட்டட உடைசலும் ஒன்று. வீட்டுக் குப்பை என்ற பொதுப்பொருள்தான் இன்று அங்கே முந்தி நிற்கிறது.

தமிழில் 'குப்பை'க்குக் குவியல் என்பது பழம்பொருள். நெற்குப்பை என்றால் நெல் குவியல். ஆனால் இன்று ரப்பிஷைக் குப்பை என்று எழுதினால் வேலை கெடும். 'இடிபாடு' என்றால் இடிந்து விழுந்தது மட்டுமே. மிஞ்சிய சாந்தும் உடைந்த புது டைல்ஸும் அதில் அடங்கா. எல்லாம் அடங்குவது 'கட்டடக் கழிவு'.

குப்பையும் கட்டடக் கழிவும் போகும் இடமும் வேறு. சென்னையில் கட்டடக் கழிவை அரைத்து ஜல்லியும் மணலுமாகப் பிரிக்கும் ஆலைகள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ளன. குப்பைக் கிடங்குகளும் அதே ஊர்களில் இருப்பதால் குழப்பம். கழிவை எடுக்கச் சொல்ல மாநகராட்சி எண் 1913. 2016ஆம் ஆண்டின் கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள் நாளொன்றுக்கு 20 டன், அல்லது ஒரு பணியில் மாதம் 300 டன் தாண்டுபவரைப் பெருமளவில் கழிவு உண்டாக்குபவர் என்றன.

அளவு சொல்லும்போது 'ஒரு லோடு' என்று சொல்லாதீர்கள். வண்டிக்கு வண்டி அது மாறும். யூனிட்டில் சொல்லுங்கள். ஒரு யூனிட் 100 கன அடி. செங்கலும் பூச்சும் கலந்த உடைசல் அந்த அளவுக்கு மூன்றரை, நான்கு டன் வரும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும், எடை மேடையில் பணமும் கூடும். சிமென்ட் சாக்கை வாய்வரை நிரப்பினால் 40 கிலோவைத் தாண்டிவிடும். மாடியிலிருந்து இறக்கப் பாதிச் சாக்கே சரி.

கம்பி, மரம், பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றை இடிக்கும்போதே தனியாக எடுங்கள். கலந்தபின் பொறுக்கக் கூலி கட்டாது. ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் கான்கிரீட்டோடு சேர்ந்தால் அரைத்த ஜல்லியின் தரம் போகும். ஈரக் குப்பையோடு புதைந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து முழுதாகக் கழற்றித் தனியே கட்டி வைக்க வேண்டும்.