அனுப்புவது யார், பணம் தருவது யார்?

ஆப்பிரிக்காவில் ஓர் உள்நாட்டுப் போர் மூண்டால், ஐ.நா. படை வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்கு முன் உள்ளே போவது பெரும்பாலும் பக்கத்து நாடுகளின் படைகள்தான். அமைதிப்படைப் பணிக்குப் புறப்படும் அதிகாரிகளுக்கு நான் வகுப்பெடுக்கும்போது, "அண்டை நாட்டுக்காரர்களுக்கு அந்த மண்ணும் மக்களும் தெரியும், அவர்களே போகட்டும்" என்று யாராவது சொல்வார்கள். பாதி சரி. மீதிக்கு லைபீரியாவைப் பார்க்க வேண்டும்.

1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லரின் கிளர்ச்சிப்படை ஐவரி கோஸ்ட் வழியாக லைபீரியாவுக்குள் நுழைந்தது. 1990 ஆகஸ்டில் உலகத்தின் கவனமெல்லாம் ஈராக் பிடித்த குவைத் மீது இருக்க, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் தன் எகோமாக் படையை மன்ரோவியாவில் இறக்கியது. பொருளாதார ஒத்துழைப்புக்காக 1975இல் தொடங்கிய அமைப்பு அது.

காப்பதற்கு அங்கே அமைதியே இல்லை. போர்நிறுத்தத்துக்கு இணங்காத டெய்லர், இந்தப் படை தன்னை ஒடுக்கவே வருகிறது என்றார். அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. படைக்கு முன்னின்ற நைஜீரியாவின் ஆட்சியாளர் பாபாங்கிடா, லைபீரிய அதிபர் சாமுவேல் டோவின் நண்பர். ஐவரி கோஸ்டும் புர்கினா பாசோவும் டெய்லர் பக்கம். ஒரே கூட்டமைப்பின் உறுப்பினர்கள் போரின் இரு பக்கமும் நின்றார்கள்!

செப்டம்பரில் டோ, துறைமுகத்திலிருந்த எகோமாக் தலைமையகத்துக்கு வந்தார். பிரின்ஸ் ஜான்சன் என்ற இன்னொரு கிளர்ச்சித் தலைவரின் ஆட்கள் அங்கேயே அவருடைய காவலர்களைச் சுட்டுவீழ்த்தி, அவரைப் பிடித்துச் சென்று கொன்றார்கள். அமைதிப்படை தடுக்கவில்லை. கானா நாட்டுத் தளபதி குவைனூ மாற்றப்பட்டு நைஜீரியத் தளபதி வந்தார். படையும் தாக்குதலில் இறங்கியது. 1992 அக்டோபரில் டெய்லர் தலைநகரைத் தாக்கியபோது எகோமாக் விமானங்கள் குண்டு வீசின. அவருக்கு எதிரான ஆயுதக் குழுக்களோடும் அது கைகோத்தது. அதன் வீரர்கள் மீது கொள்ளைப் புகார்களும் எழுந்தன. ஆனால் மன்ரோவியா அன்று வீழாமல் நின்றதும் இதே படையால்தான். வீரர்களை மட்டும் திட்டிவிட்டு முடிந்துபோகும் கட்டுரைகளில் இந்த வரி இருப்பதில்லை.

படையின் செலவில் பெரும்பகுதியை நைஜீரியா சுமந்தது. சுமப்பவர் இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்பது பக்கத்திலேயே சியரா லியோனில் தெரிந்தது. 1999இல் நைஜீரிய அதிபராகப் பதவியேற்ற ஒபசாஞ்சோ, அங்கே எகோமாக்கில் இருந்த தன் நாட்டுப் படைகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார். இடத்தை நிரப்ப வந்த ஐ.நா. படையினரில் சுமார் 500 பேரை 2000 மே மாதம் கிளர்ச்சியாளர்கள் பிணையாகப் பிடித்தார்கள். சூடானின் டார்ஃபூரில் ஏறக்குறைய பிரான்ஸ் அளவு நிலப்பரப்புக்கு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சுமார் 7,000 பேர். எரிபொருளும் ஹெலிகாப்டரும் வெளிநாட்டு நன்கொடை. 2007இல் அவர்களுடைய ஹஸ்கனிதா முகாம் தாக்கப்பட்டு குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள்.

சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியப் படை வீரர்களின் படித்தொகையை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்துவந்தது. 2016இல் அது 20 சதவீத நிதியைக் குறைத்ததும், படை அனுப்பிய அரசுகள் அதைத் திரும்ப அழைக்கப்போவதாகப் பேச ஆரம்பித்தன. முகாமில் இருக்கும் சிப்பாய்க்குத் தன் படித்தொகை எங்கோ பிரஸ்ஸல்ஸில் தீர்மானமாகிறது என்பது நன்றாகவே தெரியும்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை அங்கீகரிக்கும் ஆப்பிரிக்க ஒன்றியப் பணிகளின் செலவில் 75 சதவீதம் வரை உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கட்டாயமாகச் செலுத்தும் பங்களிப்பு நிதியிலிருந்து தரலாம் என்று 2023 டிசம்பரில் அந்தச் சபையின் தீர்மானம் 2719 வழிவிட்டது. 2025 ஜனவரியில் சோமாலியாவில் தொடங்கிய புதிய பணிக்கு அந்த வழி உடனே திறக்கவில்லை, அமெரிக்கா ஒப்பவில்லை.