கன்னியாகுமரியில் கடலில் இறங்கும் முன் பத்து நிமிடம்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பவானியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சூரிய உதயம் பார்க்க அழைத்துப் போயிருந்தேன். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கிற பையன், அவன் தங்கை, பாட்டி. சூரியன் எழுந்து, படமெல்லாம் எடுத்து முடித்ததும் பாட்டி முக்கடல் சங்கமத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்றார். படித்துறைப் பக்கம் பாறைகள் அலையை ஓரளவு உடைத்துவிடும். கையைப் பிடித்துக்கொண்டு முங்கி எழ வைக்கலாம். சரி என்றேன்.

பையனுக்கு அது போதவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மணல் திட்டைக் காட்டினான். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் வீட்டு முற்றம் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. "அங்கதான் அலையே இல்லையே, அங்க இறங்கறேன்" என்றான். அவன் அப்பாவும் சேர்ந்துகொண்டார். "நாங்கெல்லாம் பவானி ஆத்துல நீச்சலடிச்சு வளந்தவங்க தம்பி. ஒண்ணும் ஆகாதுங்க."

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் என்கூட நின்னு பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்றேன்.

பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை எடுத்து அந்த அமைதியான தண்ணீரில் எறிந்தேன். மட்டை கரைக்குத் திரும்பவில்லை. மெல்ல ஆடிக்கொண்டே நேராகக் கடலுக்குள் போனது. இரண்டு பக்கமும் அலை உடைகிற வரிசையைத் தாண்டி, எங்கள் கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளியாகும்வரை போய்க்கொண்டே இருந்தது. பையன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ, மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்தன. அவன் துணியைக் கழற்றி வைக்கலாம் என்று பார்த்து வைத்திருந்த பாறை முழுவதும் நனைந்தது. அவன் அப்பா என் தோளைத் தொட்டு, "போலாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா வள்ளம் என்கிற சின்ன மீன்பிடிப் படகில் கடலுக்குப் போனவர். பதினாறு வருடமாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். குமரி அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால்தான் கிழக்கு வாசலை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற கதையைத் தினமும் சொல்கிறேன். காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழுவதைச் சொல்கிறேன். வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி என்பது அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் என்றும், மொத்தம் 133 அடி என்பது மொத்த அதிகாரங்கள் என்றும் சொல்லும்போது குழந்தைகள் முகம் மலர்வதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷம்தான். ஆனால் என் வேலையில் முக்கியமானது எது என்று கேட்டால், எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று காட்டுவதுதான் என்பேன்.

அந்த அமைதியான தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் மேட்டுக்கு நடுவே பள்ளமாக இருக்கும் வழியில் அது ஒன்றுசேர்ந்து, ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள் ஓடும். அந்தப் பள்ளத்தில் ஆழம் அதிகம். அதனால் அங்கே அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு அதுதான் குளிக்க ஏற்ற இடம். எங்களுக்கு அது உள்ளே இழுக்கிற இடம். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இதே இழுப்பு இருக்கும்.

ஆற்றில் நீந்தத் தெரிந்தவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம். ஆற்றோட்டம் கரையை ஒட்டியே போகும், கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டு போனாலும் ஏதோ ஒரு துறையில் ஏறிவிடலாம். கடலின் இழுப்பு கரையை விட்டு விலக்கிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர் அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து முழு வேகத்தில் நீந்துவார், ஓரிரு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். மாட்டிக்கொண்டால் எதிர்க்காதீர்கள். மல்லாந்து மிதங்கள், ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். அந்த இழுப்பு ஆளை அடியில் கொண்டுபோய் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கொஞ்ச தூரம் போனதும் அதன் வேகம் குறையும். அப்போது கரைக்கு நேராக இல்லாமல், கரைக்கு இணையாக ஒரு பக்கமாக நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு திரும்ப வேண்டும்.

இதெல்லாம் சாதாரண நாளைக்கு. மே மாதத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்று சொல்வோம். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், இங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பெரிய புயல்காற்று அடிக்கும். அது கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். கடல் தட்டாகத்தான் கிடக்கும். திடீரென்று தண்ணீர் வழக்கத்தைவிடப் பின்வாங்கி, அடுத்த அலை மேட்டு மணல்வரை ஏறி வரும். பௌர்ணமியோ அமாவாசையோ சேர்ந்துவிட்டால் ஏற்றமும் கூடும்.

பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இது வருகிறது. பள்ளிக்கூட விடுமுறை, சித்ரா பௌர்ணமி, கல்யாண முகூர்த்தங்கள் எல்லாம் அப்போதுதான். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழைக் கடலின் இரைச்சலைக் கேட்டாலே குழந்தைகூடப் பின்னால் போகும். மே மாதக் கடல் பயமுறுத்துவதில்லை. அதுதான் ஆபத்து. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை. படித்த பிள்ளைகள், அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் அந்த அமைதியான கடலைப் பார்த்து நம்ப முடியவில்லையா என்று அந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன். எச்சரிக்கையை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல்சார் தகவல் மையம் கொடுக்கிறது. கன்னியாகுமரி, நாகர்கோவில் செய்திகளில் அது உடனே வந்துவிடும். ரயில் ஏறும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள். அல்லது தங்கும் விடுதியிலோ டீக்கடையிலோ, "கடல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் குறைவு.

கரையில் நின்றே கண்டுபிடிக்கவும் சில வழிகள் இருக்கின்றன. ஒரு அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும்வரை விநாடிக்கு ஒன்றாக நான் எண்ணுவேன், வருகிறவர்களையும் எண்ணச் சொல்வேன். ஏழு, எட்டு, பத்து என்று வந்தால் அது வழக்கமான கடல். பதினைந்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் யாரையும் கால் நனைக்கக்கூட விட மாட்டேன். நீண்ட இடைவெளி விட்டு வரும் அலை தூரத்திலிருந்து வருகிறது, அதற்குள் பலம் அதிகம்.

அப்புறம் மணல். எங்கள் ஊர்ப் பலநிற மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். அம்மன் கல்யாணம் நடக்காமல் போனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது கதை. அந்த மணலை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், வெள்ளை சாதாரண மணல். கறுப்பும் சிவப்பும் கனம், வெள்ளை லேசு. பெரிய அலை மேலே ஏறி இறங்கும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். மேட்டு மணலில் புதிதாகக் கறுப்பு வரி கிடந்தால், அலை அங்கேவரை வந்து அள்ளிப் போயிருக்கிறது என்று அப்பா சொல்வார். நேற்று வெள்ளையாக இருந்த இடத்தில் இன்று கறுப்பு வரி தெரிந்தால் அதற்குக் கீழே நான் யாரையும் உட்கார வைப்பதில்லை.

பாறையிலும் அப்படித்தான். நனைந்திருக்கும் பாறை, பாசி பிடித்துக் கறுத்த பாறை, இரண்டிலும் ஏறக் கூடாது. நனைந்திருக்கிறது என்றால் அலை அங்கே வந்திருக்கிறது, மறுபடியும் வரும். முட்டத்துப் பாறைகளில் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். படம் எடுக்க வேண்டுமென்றால் முதுகு கடலைப் பார்த்துத்தான் இருக்கும். "கடலுக்கு முதுகைக் காட்டி நிக்காதல" என்று பாட்டி எங்களைச் சின்ன வயதில் அதட்டுவாள். கடப்புறத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

படகுத்துறையையும் கவனியுங்கள். கடல் சீற்றமாக இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகளை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவது உண்டு. டிக்கெட் எடுக்க வந்தவர்கள் அங்கே இருக்கும் ஊழியர்களிடம் கோபப்படுவதைப் பார்க்கிறேன். சீற்றம் என்று சொல்லி அவ்வளவு பெரிய படகே கரையில் நிற்கும்போது, நாம் எந்தத் தைரியத்தில் இறங்குவது? விவேகானந்தர் 1892-ல் நீந்திப் போனாரே என்று இளைஞர்கள் கேட்பார்கள். அந்தப் பாறை கரையிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். கடலிலேயே வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் அதை விளையாட்டாக முயன்று பார்ப்பதில்லை. இன்னொரு விஷயம், சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எப்படியும் நிற்கும், அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. வள்ளங்களைப் பாருங்கள். வள்ளங்களை மணலில் மேலே ஏற்றி வைத்திருந்தால் கடல் சரியில்லை.

எழுதவே மனம் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் கரையில் நின்றபோதே ஒரு அண்ணனும் தம்பியும் கடலில் சிக்கினார்கள். முதலில் மாட்டியது தம்பி. அண்ணன் யோசிக்காமல் குதித்தார். கரையில் நின்று கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் கயிற்றை எறிந்து தம்பியை இழுத்துவிட்டார்கள். அண்ணனை மறுநாள்தான் கண்டெடுத்தோம். அவர் மனைவி மணலில் உட்கார்ந்து அவருடைய செருப்பை மடியில் வைத்திருந்தார். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், யாராவது மாட்டினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கக்கூடியது எதுவானாலும் எறியுங்கள். காலி தண்ணீர் கேன், மூடி போட்ட பெரிய பாட்டில், கயிறு, எதுவும் இல்லை என்றால் முடிச்சுப் போட்ட சேலை. மீனவர்களைக் கத்திக் கூப்பிடுங்கள். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. மூன்றையும் போனில் இப்போதே சேமித்து வையுங்கள், கரையில் நின்று தேட நேரம் இருக்காது.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பதும் இன்னும் நடக்கிறது. அந்த நேரம் வீண். வயிற்றிலிருந்து வருவது மூச்சுக்குழாய்க்குள் போனால் இன்னும் கேடு. மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தல், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை முட்ட வைக்கும்.

எச்சரிக்கை நாளில் வந்து மாட்டிக்கொண்டால் பயணம் வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். அன்றைக்கு நான் அழைத்துப்போகிற வழி வேறு. காலையில் பத்மநாபபுரம் அரண்மனை. மரவேலை பார்ப்பதற்கே அரைநாள் வேண்டும், திங்கட்கிழமை மட்டும் பூட்டியிருக்கும். அங்கிருந்து 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிற தொட்டியை ஒட்டியே நாமும் நடந்து போகலாம். சாயங்காலம் திரும்பி வந்து, கன்னியாகுமரியிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கும் வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பிறகு அந்தப் படைக்கே தளபதியான டிலனாய் என்ற டச்சுக்காரர் எடுத்துக் கட்டிய கோட்டை. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். பவானிப் பாட்டி அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கேதான் மதில் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கீழே அலை வந்து கோட்டைச் சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. பேரன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு அலைக்கும் இடையில் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான்.