வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை: மனசுக்கு என்ன ஆகிறது, வேலைக்கு என்ன ஆகிறது?

வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டால் ஆள் சந்தோஷமாக இருப்பார், சந்தோஷமாக இருந்தால் வேலையையும் நன்றாகச் செய்வார் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். ஆய்வுகளைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. மனநிறைவு கூடுவதற்கு ஒரு காரணம், வேலைத்திறன் கூடுவதற்கும் குறைவதற்கும் வேறு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சிங்கப்பூரில் நம் அமைச்சுகளிலும் அரசாங்கக் கழகங்களிலும் எது சரிப்படும் என்று புரியும்.

முதலில் மனநிறைவு. இதில் பெரிய பங்கு பயணத்துக்கு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவும் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு வேளையும் எப்படி இருந்தது என்று கேட்டு 2004இல் முடிவை வெளியிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் நேரம்தான் பட்டியலில் கடைசி. இங்கே உட்லண்ட்ஸிலிருந்து நகரத்துக்குள் நெரிசலில் நின்றுகொண்டே வருபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, தன் நேரம் தன் கையில் இருப்பது. வேலைப்பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் குறைவாக இருந்தால்தான் மன அழுத்தம் கூடுகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979லேயே காட்டினார். அரசாங்க வேலையில் இது ரொம்பவே பொருந்தும். நாடாளுமன்றக் கேள்விக்கான பதிலையோ பொதுமக்கள் அனுப்பும் மேல்முறையீட்டையோ நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியாது, பளு மேலிருந்து வருகிறது; பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து உட்காரலாம் என்ற ஒரு சின்ன சுதந்திரம்கூட அங்கே பெரிய விஷயம். ஆனால் மூவறை வீட்டில் பாட்டி வசந்தம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, கணவர் படுக்கையறையில் ஸூமில் பேசிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு கிடைக்கும்? அவருக்கு அலுவலகமே மேல். அதனால்தான் கட்டாயப்படுத்தி வீட்டில் உட்கார வைப்பதும் ஒரு தீர்வில்லை என்கிறேன்.

சரி, வேலைத்திறன்? இதுவரை வந்ததில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனத்தில் பொருளியலாளர் நிக்கலஸ் புளூம் குழு செய்து 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த சோதனை. 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் வீடு, இன்னொரு பிரிவுக்கு ஐந்து நாளும் அலுவலகம். வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மனநிறைவு கூடினாலும் வேலைத்திறன் இருந்த இடத்திலேயே நின்றது.

அது தனியார் நிறுவனம். அரசாங்க வேலையில் பார்த்தால் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன, எனக்கு இதுதான் மிக முக்கியம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்களில் ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களை எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று விட்டபோது அவர்கள் செய்து முடித்த வேலை 4.4 விழுக்காடு கூடியது. பிரிட்டனில் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறையில், அவசர அழைப்பை எடுப்பவரும் ரோந்து அதிகாரியை அனுப்பி வைப்பவரும் ஒரே அறையில் இருந்தபோதுதான் வேலை சீக்கிரம் நடந்தது. விவரமெல்லாம் கணினித் திரையில் இருந்தும்கூட, எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்க முடிந்தது வித்தியாசத்தை உண்டாக்கியது.

இரண்டும் அரசாங்க வேலைதான், பிறகு ஏன் இப்படி? காப்புரிமைப் பரிசீலனையில் ஒரு கோப்பு ஒருவர் கையிலேயே தொடங்கி முடிகிறது, எத்தனை முடிந்தது என்று எண்ணவும் முடியும். அவசர அழைப்பு கை மாறும் வேலை. மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் தகவல் சிந்துகிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் அதை உடனே அள்ளிக்கொள்ளலாம். நம்மூரில் வீடு தொடர்பான மேல்முறையீடு ஒன்று மூன்று பிரிவுகள் தாண்டி வர வேண்டியிருந்தால் அது இரண்டாவது ரகம். அறிக்கை எழுதுவது, தரவு அலசுவது எல்லாம் முதல் ரகம்.

அப்புறம், புதிதாகச் சேர்ந்தவர்கள். கோபமாகத் தொலைபேசியில் கத்துகிற ஒருவரிடம் மூத்த அதிகாரி எப்படிப் பேசுகிறார், எந்த இடத்தில் குரலைத் தணிக்கிறார், எப்போது “ஐயா, நீங்க சொல்றது புரியுது, அந்தக் கடிதத்தில என்ன தேதி போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க” என்று பேச்சைக் கோப்புக்குள் திருப்புகிறார் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து காதில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மூத்தவர்கள் செவ்வாய் புதன் வந்து, புதியவர் வியாழன் வெள்ளி வந்தால் இது நடக்காது. இதனால் வரும் இழப்பு அந்த வருஷத்து மதிப்பீட்டில் தெரியாது, நாலைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.

வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையென்றால் சராசரியாக வாரம் இரண்டு நாள் என்பதுதான் இங்கே பொதுச் சேவையில் வழக்கம். அந்த எண்ணிக்கை எனக்குச் சரியாகவே படுகிறது. எந்த நாள் என்பதை மட்டும் ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் தனித்தனியாக விடாமல், குழு முழுவதும் சேர்ந்து வரும் நாட்களை முடிவு செய்து, கை மாறும் வேலைகளையும் புதியவர்களின் பயிற்சியையும் அந்த நாட்களில் வைக்க வேண்டும். டிரிப்.காமிலும் வீட்டு நாள் புதன், வெள்ளி என்று எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

தாதியர், ஆசிரியர், குடிநுழைவுச் சோதனைச் சாவடி அதிகாரிகள் இவர்களுக்கெல்லாம் வீட்டு நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை, அவர்களை விட்டுவிட்டு மனநிறைவு பற்றிப் பேசுவது நியாயமும் இல்லை. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டி நெறிமுறைகள் வேலையிடத்தை மட்டும் பேசவில்லை, வேலை நேரம், வேலையளவு இரண்டையும் சேர்த்தே பேசுகின்றன. ஊழியர் முறைப்படி கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஷிப்ட் அட்டவணையை முன்கூட்டியே கொடுப்பது, சக ஊழியருடன் ஷிப்ட் மாற்றிக்கொள்ள விடுவது, இந்த மாதிரி ஏற்பாடுகள் கராசெக் சொன்ன அதே உரிமையை வார்டிலும் சோதனைச் சாவடியிலும் இருப்பவர்களுக்குத் தரும்.