சாயத் தண்ணீரில் நிறத்தைவிடப் பெரிய தலைவலி உப்புதான்

சாயக்கழிவு என்றதும் நம் கண்ணில் படுவது நிறம்தான். தண்ணீர் சிவப்பாகவோ நீலமாகவோ ஓடினால் பதறுகிறோம், பதறவும் வேண்டும். ஆனால் நிறத்தை எடுக்க வழிகள் உண்டு. எடுத்த பிறகு தெளிவாகத் தெரிகிற தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்புதான் லேசில் போகாது, கழிவைத் தின்கிற நுண்ணுயிரிகளாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, துணிக்குச் சாயம் போட உப்பு எதற்கு? பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னேற்றம் வந்துவிடும். பருத்திக்கு இன்று அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களிலும், தண்ணீரில் கரைய வேண்டுமே என்று சேர்த்த சல்ஃபோனேட் தொகுதிகளால் எதிர்மின்னேற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ள, சாயம் நூலை நெருங்காமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். அதனால் உப்பைக் கொட்டுகிறார்கள். சோடியம் அயனிகள் நூலைச் சுற்றிச் சேர்ந்து தள்ளுவிசையை மட்டுப்படுத்த, சாயம் உள்ளே ஏறுகிறது. அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் சாதாரணம். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், குறைந்தது 600 கிராம் உப்பு! அதில் துணியில் தங்குவது ஒன்றுமில்லை, அத்தனையும் கழிவோடு வெளியேறும்.

அப்புறம் சோடா ஆஷ் என்ற காரம். பிஎச் 11 பக்கம் ஏறியதும் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் சில புரோட்டானை இழந்து சாயத்தோடு சகபிணைப்பு போட்டுக்கொள்ளும். சாயம் நூலின் மூலக்கூறிலேயே ஒரு பகுதியாகிவிடுவதால்தான் இத்தனை துவைப்புக்குத் தாங்குகிறது. 1956-இல் ஐசிஐ நிறுவனம் இந்த வகைச் சாயத்தை புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வில்லியம் பெர்கின் மாவ் என்ற ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து அப்போது சரியாக 100 வருடம்.

வில்லங்கமும் அந்தக் காரத்தில்தான். சாயத்தைப் பிடிக்க நூல் மட்டுமல்ல, கரைசலில் உள்ள ஹைட்ராக்சைடு அயனிகளும் போட்டிக்கு நிற்கின்றன. அவற்றிடம் மாட்டிய சாயம் நீராற்பகுப்பு அடைந்து, பிறகு நூலோடு பிணையவே முடியாததாகிவிடும். சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் மூன்றில் ஒரு பங்குகூட இப்படி வீணாகும். நூலிடுக்கில் சும்மா ஒட்டிக்கிடக்கும் அதைச் சூடான சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி எடுக்காவிட்டால், வீட்டில் முதல் துவைப்பிலேயே பக்கத்துச் சட்டையில் ஏறிவிடும். சாயமேற்றுவதைவிட அலசத்தான் அதிகத் தண்ணீர் போகிறது.

தள்ளுகிற மின்னேற்றத்தையே மாற்றிவிட்டால் என்ன? பருத்தியில் முன்கூட்டியே நேர்மின்னேற்றமுள்ள குவாட்டர்னரி அமோனியம் தொகுதிகளைப் பிணைத்துவிட்டால் சாயம் தானாக ஓடிவந்து ஒட்டும், உப்பே வேண்டாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சாயம் அவ்வளவு வேகமாக ஏறும்போது திட்டுத் திட்டாகப் பிடிக்கும் ஆபத்து உண்டு, அந்த வேதிப்பொருளிலும் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது.

'தண்ணீரே இல்லாத சாயமேற்றல்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எந்தத் துணிக்கு என்று முதலில் கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுபோலப் பரவும், திரவம்போலக் கரைக்கும். பாலியெஸ்டருக்கான டிஸ்பெர்ஸ் சாயங்கள் அதில் கரைகின்றன. சுமார் 120 டிகிரி, 250 பாரில் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும், துணி உலர்ந்தே வெளிவரும், வாயுவில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தலாம். உண்மையிலேயே அபாரமான வேதியியல்! ஆனால் ரியாக்டிவ் சாயங்கள் அதில் கரைவதில்லை, ஆகவே பருத்திக்கு இது இன்னும் கைகொடுக்கவில்லை. உயரழுத்தக் கலனின் விலையும் சாமானியமல்ல.

பருத்தியைப் பொறுத்தவரை நான் நம்புவது கவர்ச்சியில்லாத இரண்டு வேலைகளை. முதலாவது, ஒரே மூலக்கூறில் நூலைப் பிடிக்கும் தொகுதிகள் இரண்டு கொண்ட சாயங்கள். ஒன்று தண்ணீரிடம் மாட்டினாலும் மற்றொன்று பிணைந்துகொள்ளும். இரண்டாவது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் இயந்திரங்கள். உப்பை லிட்டர் கணக்கில்தானே போடுகிறார்கள், 10 லிட்டர் 5 ஆனால் அந்த 600 கிராம் 300 ஆகிவிடும். மிச்சத்தை எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்ஓ) பிரித்து, செறிந்த உப்புக்கரைசலில் நிறத்தை நீக்கி அடுத்த தொட்டிச் சாயத்துக்கே எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் கரண்ட் செலவு இருக்கிறது.